பாட்டுப் பகிரும் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காசு கொடுக்காமல் பாட்டை இறக்குவது சரியா என்ற கேள்வியை எல்லோரும் இறக்குபவரைப் பார்த்தே கேட்கிறார்கள். நாங்கள் உங்களைப் பார்த்துக் கேட்கிறோம். ஆல்பம் ஆல்பமாகக் கோப்புகளைத் திரட்டி, பெயர் போட்டு, அட்டைப்படம் சேர்த்து, ஆயிரக்கணக்கானோர் இருக்கும் குழுவில் ஏற்றுகிறவர்கள் நீங்கள். இறக்குபவர் எடுக்கும் முடிவு அவர் ஒருவரோடு போகிறது. நீங்கள் ஒரு கோப்பை ஏற்றும்போது குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து முடிவெடுத்து விடுகிறீர்கள்.

நாங்கள் ஒலிப்பதிவு, மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்வது), உரிமைப் பதிவு, பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்குவது ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். உங்களைத் திருடர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கடையிலும் கிடைக்காத, எந்தச் சேவையிலும் இல்லாத தட்டுகளைத் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்து, கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் உங்களில் நிறைய பேர். அந்த உழைப்பின் மதிப்பு எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே குழுவில், அதே பட்டியலில், போன வாரம் ஒரு சிறு இசைக்குழு தன் கைக்காசைப் போட்டு வெளியிட்ட ஆல்பமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறீர்கள். எங்கள் முறையீடு அதைப் பற்றியதுதான்.

நண்பனுக்கு ஒரு கேசட் பதிந்து கொடுப்பதைப் போலத்தானே இதுவும் என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கு நகல் எடுப்பதைச் சில நாடுகளின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜெர்மனி 1965இலேயே ஒலிப்பதிவுக் கருவிகள் மீது ஒரு கட்டணம் விதித்து, அதைப் படைப்பாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. வீட்டில் நகல் எடுப்பதைத் தடுக்க முடியாது, எடுப்பவரைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம், அந்த இழப்பை வேறு வழியில் ஈடுகட்டலாம் என்ற ஏற்பாடு அது. கையிலிருந்து கைக்குப் போகும் நகலுக்கு அது பொருந்தும். இருபதாயிரம் பேர் இருக்கும் குழுவில் ஏற்றுவது விநியோகம். 1999 ஜூனில் தொடங்கிய நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுத் தளம் 2001 ஜூலையில் சேவையை நிறுத்த நேர்ந்தது இந்த வேறுபாட்டினால்தான். அங்கே கோப்புகள் பயனர்களின் கணினியில்தான் இருந்தன. நாப்ஸ்டர் வைத்திருந்தது பட்டியலை மட்டும். நீங்கள் கோப்பையே வைத்திருக்கிறீர்கள்.

நாங்கள் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். விலைக்குக் கிடைப்பதை ஏற்றாதீர்கள். கிடைக்காததைத் தேடிச் சரிபார்த்த பிறகு, சரியான பெயர்களோடு, சரியான தரத்தில், காசு வாங்காமல் வையுங்கள். இதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதுதான் இனி வருவது.

ஒரு பாட்டுக் கோப்பில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று பாட்டுடையது: மெட்டும் வரிகளும். இது இசையமைப்பாளரிடமும் பாடலாசிரியரிடமும், அல்லது அவர்கள் எழுதிக்கொடுத்த பதிப்பகத்திடமும் இருக்கும். மற்றது ஒலிப்பதிவுடையது. மாஸ்டர் என்று துறையில் சொல்வது இதைத்தான். செலவு செய்து பதிவு செய்தவரிடம், பெரும்பாலும் லேபிள் எனப்படும் இசை வெளியீட்டு நிறுவனத்திடம், இருக்கும். இவை போக, பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் தனி உரிமை உண்டு. 1961இன் ரோம் ஒப்பந்தமும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான டபிள்யூஐபிஓவின் 1996 ஒப்பந்தமும் அதைப் பேசுகின்றன. ஆகவே, “பாடகரே ஏற்றிக்கொள்ளச் சொன்னார்” என்பது அனுமதி ஆகிவிடாது. பாடகர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார். மாஸ்டர் லேபிளின் கையில் இருக்கும். பின்னால் சிக்கல் அவருக்குத்தான்.

“லேபிள்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறது, கலைஞருக்கு ஒன்றும் போவதில்லை.” இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. லேபிள் கொடுக்கும் முன்பணம் கலைஞரின் ராயல்டியில் கழிக்கப்படும். பதிவுச் செலவும் பல ஒப்பந்தங்களில் அதே கணக்கில் ஏறும். அது தீரும்வரை கலைஞர் கைக்கு ஒன்றும் வராது, பலருக்கு ஒருபோதும் தீர்வதில்லை. ஆனால் அதே விற்பனையில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சேரவேண்டிய தொகை பொதுவாக அந்தக் கணக்குக்கு வெளியே ஓடுவது. முதல் பிரதியிலிருந்தே வர வேண்டியது. லேபிள் மீதுள்ள கோபத்தில் நீங்கள் ஏற்றும் கோப்பு பாடலாசிரியரின் பங்கையும் சேர்த்தே தட்டிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது: கலைஞரின் கடன் கணக்கு அதே இடத்தில் நிற்கிறது. உங்கள் குழுவில் பத்தாயிரம் பேர் கேட்டது எந்தக் கணக்கிலும் ஏறாது. அடுத்த ஆல்பத்துக்குப் பணம் போடலாமா, எந்த ஊரில் கச்சேரி வைக்கலாம் என்று எண்களைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு அந்தப் பத்தாயிரம் பேர் இருப்பதே தெரியாது.

“ஸ்ட்ரீமிங்கில் மட்டும் என்ன கொட்டுகிறது?” இதிலும் நியாயம் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேவைக்கு 100 சந்தாதாரர்கள், ஆளுக்கு 10 வீதம் வசூல் 1,000. சேவை 300ஐ வைத்துக்கொள்கிறது, உரிமையாளர்களுக்கு 700. அந்த மாதம் எல்லோரும் சேர்ந்து 70,000 முறை கேட்டார்கள் என்றால், ஒரு முறைக்கு 0.01. ஒருவர் மாதம் முழுக்க ஒரே ஒரு சிறு இசைக்குழுவை மட்டும் 50 முறை கேட்டார். அவர் கட்டிய 10இலிருந்து அந்தக் குழுவுக்குப் போவது 0.5. சேவையின் 3 போக மிச்சம் 6.5 அவர் வாழ்நாளில் கேட்டிராதவர்களுக்குப் போகிறது. பெரும்பாலான சேவைகளில் வழக்கம் இந்தப் பொதுப்பானை முறைதான். கேட்பவரின் சந்தாவை அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையைச் சவுண்ட்கிளவுட் 2021இல் தன் சேவையில் இருக்கும் தனிக் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கொடுப்பதில்லை. இதெல்லாம் அநியாயம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டோம். ஆனால் இதற்கு மருந்து அந்தச் சிறு குழுவின் 0.5ஐயும் பூஜ்யமாக்குவது இல்லையே. நேரடியாக விற்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் மருந்து. பேண்ட்கேம்ப் என்ற விற்பனைத் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி விற்பவருக்கு. சொந்தத் தளத்தில் விற்பவர்களுக்கு இதைவிடவும் கூடுதலாக நிற்கும். உங்கள் குழுவில் ஒரே ஒருவர் அங்கே போய் ஓர் ஆல்பம் வாங்கினாலும், நூற்றுக்கணக்கான முறை ஸ்ட்ரீமிங்கில் கேட்பதைவிட அது கலைஞருக்குப் பெரிது.

“இறக்குபவர்கள் எப்படியும் வாங்கியிருக்கமாட்டார்கள்.” சிலர் வாங்கியிருக்கமாட்டார்கள், சிலர் வாங்கியிருப்பார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் இதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கோப்புப் பகிர்வினால் விற்பனைக்கு ஏற்பட்ட பாதிப்பு அளந்து சொல்லும் அளவுக்குக்கூட இல்லை என்றது. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. உலக அளவில் ஒலிப்பதிவு வருமானம் 1999க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளாகச் சரிந்து, 2015 முதல்தான் மீண்டும் ஏறியது என்பது தெரிந்ததே. அதில் பகிர்வின் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. எங்கள் நிலை எளிது: அந்தச் சந்தேகத்தின் பலனைப் பாட்டை உருவாக்கியவர் எடுத்துக்கொள்ளட்டும். இலவசமாகக் கொடுத்தால் பெயர் பரவும் என்று நினைக்கும் கலைஞர்கள் அவர்களே கொடுக்கிறார்கள். அந்த முடிவை அவர்களுக்காக நீங்கள் எடுக்க வேண்டாம்.

புது வெளியீடுகள் விஷயத்தில் நீண்ட பேச்சு தேவையில்லை. விலைக்கோ சேவைகளிலோ கிடைக்கிறதா? கோப்பை ஏற்றாதீர்கள், ஆல்பத்தின் பெயர், யார் யார் வேலை செய்தார்கள், எங்கே வாங்கலாம் என்ற இணைப்பு, எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்ற உங்கள் பரிந்துரை, இவ்வளவையும் பதிவிடுங்கள். இணைப்புகளை நேரடி விற்பனைத் தளம் முதலில், ஸ்ட்ரீமிங் கடைசியில் என்ற வரிசையில் கொடுங்கள். வெளியாகும் தேதிக்கு முன்பே கசிந்த கோப்பு வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட முன்பிரதிகளில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும் ஒலி முத்திரை பதிந்திருக்கக்கூடும். மாட்டுவது பெரும்பாலும் உங்களுக்கு அனுப்பிய கடைநிலை ஊழியராக இருக்கும்.

உண்மையிலேயே ஒரு பாட்டை ஏற்ற ஆசையா? கேளுங்கள். பலர் சம்மதிக்கிறார்கள். ஆனால் “ஏற்றலாமா?” என்று மொட்டையாகக் கேட்டால் வரும் “சரி”யை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: “உங்கள் இந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை மட்டும், எம்பி3 வடிவில், இத்தனை உறுப்பினர்கள் உள்ள எங்கள் குழுவில் ஏற்ற விரும்புகிறோம். குழுவில் விளம்பரமோ கட்டணமோ இல்லை. மாஸ்டர் உரிமையும் பாட்டின் உரிமையும் உங்களிடமே உள்ளனவா, வேறு யாரிடமாவது கேட்க வேண்டுமா? யார் யார் பெயரை எப்படிப் போட வேண்டும்? ஒருமுறை ஏற்றியதை யாரேனும் வேறு இடத்துக்கு ஃபார்வர்டு செய்தால் எங்களால் திரும்பப் பெற முடியாது என்பதையும் தெரிவிக்கிறோம்.” அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது தெரியாமல் கொடுத்த சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. பதிலைப் பத்திரப்படுத்துங்கள், பதில் வராவிட்டால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவற்றுக்கு இந்தக் கேள்வியே வேண்டியதில்லை, உரிமமே அனுமதி. ஆனால் அங்கும் வழுக்கும். எல்லா வகையிலும் ஆக்கியவர் பெயரும், மூலத்தின் இணைப்பும், உரிமத்தின் இணைப்பும் கட்டாயம். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை உள்ளதை விளம்பரம் ஓடும் குழுவில் ஏற்றினால் நிபந்தனை உடைகிறது. மாற்றம் கூடாது என்றிருந்தால், தொடக்கத்தில் உங்கள் குழுவின் குரல் அறிவிப்பை ஒட்டுவதும் மாற்றமே.

இனி, எங்கும் கிடைக்காத பழைய பதிவுகள். உங்களால் உண்மையான பயன் விளையும் இடம் இதுதான், எனவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லேபிள்கள் தங்கள் மூலநாடாக்களை எப்போதும் காப்பாற்றிவிடுவதில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் பிடித்த தீயில் ஒரு பெரிய மூலநாடாக் கிடங்கே எரிந்தது. அதன் வீச்சு வெளியுலகுக்குத் தெரியவந்தது 2019இல்தான். மூலம் போய்விட்டால் யாரோ ஒருவரின் அலமாரியில் இருக்கும் தட்டுதான் கடைசிச் சாட்சி. எனவே பழையதைச் சேகரிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். சேகரிப்பதும் பொதுவில் ஏற்றுவதும் இரண்டு தனி வேலைகள் என்கிறோம். முதலாவதை உடனே செய்யுங்கள். இரண்டாவதைத் தேடிப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

தேடல் என்றால் பெயரைத் தட்டிப் பார்த்து “கிடைக்கவில்லை” என்று எழுதுவது போதாது. தட்டின் நடுவில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் தட்டு எண்ணையும், பாட்டு முடியும் இடத்தில் பொறித்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் மேட்ரிக்ஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் ஆகிய இசைத்தட்டு விவரத் தளங்களில் தேடுங்கள். அதே பதிவு வேறு தலைப்பில், ஏதோ ஒரு தொகுப்பில் மறுபடி வந்திருக்கலாம். சேவைகளில் பெயரின் எழுத்துக்கூட்டல் பத்து விதமாக இருக்கும் என்பதால், பாட்டின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நொடி வித்தியாசத்தில் ஒத்துப்போனால் கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு ஐஎஸ்ஆர்சி தேடல். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு இடங்கள் கொண்ட இந்த எண் தரப்படுகிறது. அதில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கத்தைப் பதிவான ஆண்டு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது எண் ஒதுக்கப்பட்ட ஆண்டு. 1958இல் பதிவானதற்கு 2009இல் எண் வாங்கியிருந்தால் 09 என்றுதான் இருக்கும். ஒரு பழைய பதிவுக்கு இப்படிப் புது எண் இருந்தால், யாரோ அதைச் சமீபத்தில் உரிமை கோரிப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அவரைத் தேடுங்கள்.

உறையில் வட்டத்துக்குள் “பி” எழுத்தோடு வரும் ஆண்டு ஒலிப்பதிவுக்கு. வட்டத்துக்குள் “சி” எழுத்தோடு வருவது பெரும்பாலும் உறைக்கும் எழுத்துக்கும் ஓவியத்துக்கும். மறுவெளியீட்டில் ரீமாஸ்டர் செய்த ஆண்டைப் போட்டுவிடுவார்கள் என்பதால், உரிமைக் காலத்தை எண்ண முதல் வெளியீட்டின் ஆண்டையே தேட வேண்டும்.

எண்ணுவதும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் காலத்தை 50இலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் ஏற்கெனவே முடிந்துபோனதை உயிர்ப்பிக்கவில்லை. அதனால் 1962 முடிவதற்குள் வெளியானவற்றின் ஒலிப்பதிவு உரிமை அங்கே தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2018இன் சட்டப்படி, 1923க்கு முந்தைய பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. 1923 முதல் 1946 வரை வெளியானவை வெளியாகி நூறாண்டு முடிந்ததும் ஆண்டுதோறும் வரிசையாக விடுபடுகின்றன. 1947 முதல் 1956 வரையானவற்றுக்கு 110 ஆண்டு. ஆக, 1955இல் வந்த தட்டு ஐரோப்பாவில் ஒலிப்பதிவு அளவில் பொதுச்சொத்து, அமெரிக்காவில் இன்னும் காப்பில். உங்கள் குழுவுக்கோ எல்லை கிடையாது. இதற்கு மேல் பாட்டின் உரிமை தனியாக ஓடும்: பெர்ன் ஒப்பந்தப்படி ஆக்கியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு, பல நாடுகளில் 70. மெட்டுப் போட்டவர் எப்போதோ இறந்து, வரி எழுதியவர் நெடுநாள் வாழ்ந்திருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டிலிருந்து எண்ணும் நாடுகளும் உண்டு. ஒலிப்பதிவு விடுபட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்றிவிடாதீர்கள்.

தேடி முடித்தும் உரிமையாளர் கிடைக்கவில்லை, எங்கும் விற்பனையில் இல்லை என்றால்? ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனாதைப் படைப்புகளுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. அது நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் உரியது, உங்களுக்குப் பொருந்தாது. சட்டப்படி உங்களுக்குக் காப்பு கிடையாது என்பதை மறைக்க மாட்டோம். அறத்தின் கணக்கில், இப்படிப்பட்ட ஒரு பதிவை நாலு பேர் கேட்கும்படி வைப்பதில் யாருடைய பங்கும் பறிபோவதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு விலையாக நீங்கள் செய்த தேடலை எழுதி வைக்க வேண்டும்: எந்த எண், எங்கெங்கே தேடியது, எந்தத் தேதியில், யாருக்கு எழுதிக் கேட்டது. ஓராண்டு கழித்து ஒருமுறை மறுபடி தேடுங்கள். மறுவெளியீடு வந்திருந்தால் கோப்பை எடுத்துவிட்டு அந்த இணைப்பைப் போடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பெரிய நிறுவனமே நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளை ஏற்றியதற்காக 2023இல் லேபிள்களிடமிருந்து வழக்கைச் சந்தித்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

டிஜிட்டலாக்குவதில் வழக்கமாகக் கெட்டுப்போவது ஊசியில். நீள ஓடும் எல்பி தட்டுக்கான ஊசியின் முனை ஆரம் 18 முதல் 25 மைக்ரான் இருந்தால் போதும். 78 தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரான் அளவில் வேண்டும். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உரசி, ஒலியைவிட இரைச்சலைத்தான் அதிகம் எடுக்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, எதுவும் செய்யாத அந்த மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கியது தனிக் கோப்பாக இருக்கட்டும். இன்றைய மென்பொருள் வயலினின் மேல்சுரங்களையும் இரைச்சலென்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. மூலம் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

சேவைகளிலிருந்தும் காணொளித் தளங்களிலிருந்தும் உரித்து எடுத்ததை “320” (உயர்தர எம்பி3) என்றும் “ஃப்ளாக்” (ஒலி இழப்பில்லாத வடிவம்) என்றும் பெயர் போட்டு ஏற்றுவதை நிறுத்துங்கள். இது கேட்பவரையும் ஏமாற்றுகிறது, கலவை செய்தவரின் உழைப்பையும் கெடுக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்க இடமுண்டு. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நின்றால், அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3இலிருந்து வந்தது. 20க்குப் பக்கத்தில் நின்றால் 320. அதை ஃப்ளாக் ஆக்கினால் கோப்பு பெருக்கும், போன ஒலி திரும்பாது. பழைய தட்டுகளில் 8, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அங்கே சரிவு மெதுவாகக் கரைந்து, மேலே தட்டின் இரைச்சல் தெரியும். நேர்வெட்டு தெரிந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். பண்பலை வானொலியில் பதிந்ததும் 15இல் வெட்டப்பட்டிருக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பெயர்கள் விஷயத்தில்தான் எங்களுக்கு உங்கள் மேல் உள்ள வருத்தம் மிகுதி. உங்கள் குழுவிலிருந்து இறங்கிய ஒரு கோப்பின் குறிப்புகளைத் திறந்து பாருங்கள். கலைஞர் என்ற இடத்தில் குழுவின் பெயர். இசையமைப்பாளர் என்ற இடத்தில் குழுவின் இணைப்பு. கருத்து என்ற இடத்தில் “எங்களோடு இணையுங்கள்”. அட்டைப்படத்தின் குறுக்கே உங்கள் முத்திரை. பாடலாசிரியருக்கு இடமே இல்லை. காசைத்தான் கொடுக்கவில்லை, பெயரையாவது விட்டுவைத்திருக்கலாம். ஒரு கோப்பு நூறு கை மாறும்போது அதனோடு போவது இந்தக் குறிப்புகள் மட்டுமே. பின்னாளில் யாரோ ஒருவர் அதை நம்பி வேறொரு பட்டியலில் பதிந்துவிடுவார், தவறு நிலைத்துவிடும்.

பெயர் தவறினால் காசும் தவறும். அமெரிக்காவில் 2021 பிப்ரவரியில், யாருக்குப் போக வேண்டும் என்று பொருத்த முடியாமல் ஸ்ட்ரீமிங் சேவைகளிடம் தேங்கிக் கிடந்த 42 கோடி டாலருக்கும் மேற்பட்ட ராயல்டி, அதைப் பிரித்துக் கொடுக்க அமைத்த அமைப்பிடம் ஒரே மொத்தமாக ஒப்படைக்கப்பட்டது. உரிமம் பெற்ற சேவைகளில் கேட்ட பாட்டுகளின் காசுதான் அவ்வளவும். எழுதியவர் யார், எந்தப் பதிவு எந்தப் பாட்டுடையது என்ற விவரம் அறுந்துபோனதால் தேங்கியது. சேவைகளே பெயர்களைச் சரியாகக் காட்டாத இந்த நிலையில், தட்டின் உறையைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அதைச் செய்ய முடியும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் மென்பொருளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர், கருவி வாரியாக வாசித்தவர்கள், ஒலிப்பொறியாளர், லேபிள், தட்டு எண், முதல் வெளியீட்டு ஆண்டு எல்லாவற்றுக்கும் தனி இடம் உண்டு. உறையில் எழுதியிருப்பதை எழுதியபடியே நிரப்புங்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் வெற்றாக விடுங்கள். உறையின் முன்னும் பின்னும் தட்டின் நடுத்தாளும் தெளிவாகத் தெரியும் படங்களைக் கோப்போடு சேர்த்து வையுங்கள், முத்திரை இல்லாமல்.

இப்படிச் செய்ய முடியுமா என்று சந்தேகம் வேண்டாம், முன்பே செய்திருக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு, தன் கச்சேரிகளைப் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்று 1984இல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஈட்ரீ என்ற ரசிகர் கூட்டம் 1998 முதல் கச்சேரிப் பதிவுகளை இணையத்தில் பகிர்ந்தது. பதிவு செய்வதற்கும் பகிர்வதற்கும் சம்மதித்த குழுக்களின் கச்சேரி மட்டும். கடையில் விற்கும் ஆல்பம் அறவே கூடாது. காசுக்கு விற்கக் கூடாது. ஒலி இழப்பில்லாத வடிவம் மட்டும். எம்பி3ஐத் திரும்ப மாற்றி நுழைப்பவரைக் கூட்டம் ஏற்காது. ஒவ்வொரு பதிவோடும் ஒரு குறிப்புக் கோப்பு: எந்த மைக், எந்த ப்ரீஆம்ப், எந்தப் பதிவுக் கருவி, அதன்பின் எந்த மென்பொருள் வழியாக வந்தது என்று பரம்பரை முழுக்க எழுதியிருக்கும். கோப்பு சிதையாமல் வந்ததா என்று சோதிக்கும் எண்ணும் கூடவே இருக்கும். 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கச்சேரிக் காப்பகத்தைத் தொடங்கியபோது இந்த ஒழுங்கு அப்படியே அங்கே போயிற்று. அட்மின்கள் கறாராக இருந்ததால் கலைஞர்களின் நம்பிக்கை கிடைத்தது. அந்தக் கறார் உங்கள் கையிலும் இருக்கிறது.

காசு விஷயம் சுருக்கமாக. கோப்பு கிடைப்பதோடு சேர்த்து எந்த வருமானமும் கூடாது: விளம்பரம், விஐபி குழுவுக்குக் கட்டணம், இணைப்பைச் சுருக்கிக் கிளிக்குக்குப் பணம், எதுவும். கலைஞருக்குப் போகாத காசு உங்களுக்கு வருகிற அந்தக் கணத்தில், மேலே சொன்ன எந்த நியாயமும் உங்கள் பக்கம் நிற்காது. ஊசி, தட்டு சுத்தம் செய்யும் கருவி போன்றவற்றுக்கு நன்கொடை கேட்பதென்றால் தனி இடத்தில் கேளுங்கள், வரவுசெலவை எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள், கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் கோப்பில் வேறுபாடு காட்டாதீர்கள்.

எடுக்கச் சொல்லி யாராவது எழுதினால் ஒரு நாளுக்குள் எடுங்கள். வக்கீல் நோட்டீஸ் கேட்காதீர்கள். எழுதியவரின் செய்தியைக் குழுவில் போட்டு, “இவரால்தான் எடுக்க வேண்டியதாயிற்று” என்று உறுப்பினர்களை ஏவிவிடாதீர்கள். சிறு கலைஞர்கள் பலர் எழுதவே தயங்குவது இதனால்தான். ஆனால் ஒன்றைத் தெளிவாக உணருங்கள். நீங்கள் எடுத்தாலும் ஃபார்வர்டு ஆன நகல்கள் அப்படியே இருக்கும். தானாக நகலெடுக்கும் பாட் நிரல்கள் உங்கள் பதிவு விழுந்த சில நொடிகளிலேயே வேறு குழுக்களில் போட்டுவிடுகின்றன. ஏற்றிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி இந்த விஷயத்தில் இல்லை. சரிபார்ப்பெல்லாம் ஏற்றுவதற்கு முன்னால்தான்.

ஏற்கெனவே ஏற்றியவற்றை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பல்லாயிரம் கோப்புகளை ஒரே நாளில் பார்க்க முடியாது. குழுவின் வரலாற்றை ஏற்றுமதி செய்து ஒரு விரிதாளில் போடுங்கள்: ஆல்பம், வெளியான ஆண்டு, வெளியிட்டவர், இப்போது எங்கே கிடைக்கிறது, மூலம் எது, பெயர்கள் நிரம்பியுள்ளனவா. கலைஞர்களே சொந்தமாக வெளியிட்டவற்றை முதலில் எடுங்கள், அங்கே ஒவ்வொரு விற்பனையும் நேரே அவர்கள் கைக்குப் போவது. அடுத்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்தவை. விற்பனையின் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் நடக்கும். பிறகு விலைக்கோ சேவைகளிலோ கிடைக்கும் மற்றவை. எங்கும் கிடைக்காதவற்றைக் கடைசியாக வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டு எண்ணோடு தேடத் தொடங்குங்கள். எடுத்த இடங்களை வெறுமையாக விடாமல் வாங்கும் இணைப்பைப் போடுங்கள். பழைய பதிவைத் தேடி வருபவர் அங்கேதான் வந்து நிற்பார்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மாஸ்டரிங், உரிமைப் பதிவு, ஒலிக்காப்பு வேலைகளில் இருக்கும் சிலர்